உடுவிலில் எழுதப்பட்ட ஒரு நாட்குறிப்பு

கந்தளாய்ப் பகுதியில் எமது மாதர் சங்கங்களில் வரவு இடாப்பு, காசுப் புத்தகம், கூட்ட அறிக்கை என மூன்று கொப்பிகள் உண்டு. யார் வந்தார், எவ்வளவு கட்டினார் என்பதை அவற்றில் காணலாம். அத்தாய்மார் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைக் காண முடியாது. இக்குறையை எண்ணும்போது ஹரியற் வின்சிலோ அம்மையார் எமது நினைவுக்கு வருகிறார்.

அவர் 1796இல் அமெரிக்காவின் நோர்விச் நகரில் பிறந்தார். 1819 ஜனவரியில் மிரன் வின்சிலோ போதகரை மணந்து, ஜூன் மாதம் பொஸ்ரனிலிருந்து கப்பலேறினார். 1820இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் குடியமர்ந்தார். தமது அனுபவங்களை நாட்குறிப்பாகவும் கடிதங்களாகவும் எழுதி வந்தார்.

பெண்பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு என்று ஊரார் கேட்ட காலம் அது. ஒரு மழை இரவில் இரு சிறுமிகள் மிஷன் வீட்டில் ஒதுங்கி உணவருந்தினர் என்றும், அங்கே உண்டதால் சாதி கெட்டது எனப் பெற்றோர் அவர்களை அங்கேயே விட்டனர் என்றும் மிஷன் வரலாறுகள் கூறும். 1824இல் அவர் தொடங்கிய விடுதிப் பாடசாலையே இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி.

துயரமும் அவரை விடவில்லை. படிப்புக்காக அமெரிக்கா அனுப்பிய மகன் சார்ல்ஸ் 1832இல் அங்கே இறந்தான். 1833 ஜனவரி 14ஆம் திகதி, தமது 36ஆவது வயதில், அம்மையாரும் உடுவிலில் காலமானார். அவர் எழுதியவற்றிலிருந்து தெரிந்தெடுத்து 1835இல் கணவர் நூலாக்கினார்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் சிறைப்பட்ட பெண்களுக்காக உழைத்த எலிசபெத் ஃபிரை அம்மையாரும் நாட்குறிப்பு எழுதியவர். அவர் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். பெண்களும் எழுந்து பிரசங்கிக்க அச்சபை இடமளித்தது. 1845இல் அவர் இறந்தபின், அவரது குறிப்புகளைத் தொகுத்து 1847இல் வெளியிட்டவர்கள் அவரது புதல்வியரே.

இவ்விருவரும் எழுதி வைத்ததால் அன்றைய பெண்களின் வாழ்வை நாம் ஓரளவு அறிகிறோம். ஆனால் உடுவில் சிறுமிகளின் நிலை வேறு. பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்கள் அவர்களுக்குச் சூட்டப்பட்டன. அவர்களது கதையைப் பெரும்பாலும் பிறர் எழுதியதிலிருந்தே அறிகிறோம். தன் கதையைத் தான் எழுதாதவளுக்குப் பெயரையும் பிறரே எழுதிவிடுகிறார்கள்.

எமக்கும் இது பொருந்தும். 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கட்டு உடைந்ததற்கான காரணத்தை அறிக்கைகளில் படிக்கலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடிய தாய் அடுத்த நாள் எதைச் சமைத்தாள் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். அன்று இளம் தாயாக இருந்தவர் இன்று மூதாட்டி.

எனவே நாலாவது கொப்பி ஒன்றை வாங்குவோம். நாளுக்கு நாலு வரி போதும். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை. எழுத முடியாதவர் சொல்ல, பேத்தி எழுதட்டும்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:
1. எமது கிராமத்தில் இன்னும் எழுதப்படாத கதை யாருடையது?
2. அதை யார் எழுதுவது? எப்போது தொடங்குவது?