கமெராவும் காத்திருப்பும்



பழைய பிலிம் கமெராவைக் கையாண்டவர்கள் அதன் வில்லையைச் சுற்றியிருந்த வளையத்தை மறந்திருக்கமாட்டார்கள். அவ்வளையத்தைத் திருப்பும்போது உள்ளேயிருக்கும் திருகுபுரி சுழன்று, கண்ணாடி வில்லைகளை முன்னும் பின்னும் நகர்த்தும். விரலின் அசைவுக்கும் வில்லையின் அசைவுக்கும் இடையில் உலோகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. இளமையில் யான் இரவல் வாங்கிப் பழகிய கமெராவில், முற்றத்து மாமரத்துக்கு வளையம் எவ்வளவு திரும்பவேண்டும், தெருப்படலைக்கு எவ்வளவு திரும்பவேண்டும் என்பதைக் கண் பார்க்குமுன் விரல் அறிந்திருந்தது.

இக்காலத்து டிஜிட்டல் கமெராக்கள் பலவற்றில் நிலைமை வேறு. வளையம் வில்லையோடு தொடுக்கப்படவில்லை. அது எவ்வளவு திரும்பிற்று என்பதை ஓர் உணரி எண்ணுகிறது. அந்த எண்ணிக்கை கமெராவினுள்ளிருக்கும் நுண்செயலிக்குப் போகிறது. நுண்செயலி சிறியதொரு மோட்டாருக்குக் கட்டளையிட, மோட்டார் வில்லையை நகர்த்துகிறது. கையாற் குவியஞ் செய்கிறோம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உள்ளபடி சொன்னால், அலுவலகத்துக்கு மனுக் கொடுத்துவிட்டு நிற்பவர் நிலையிலேதான் நாம் இருக்கிறோம்.

வளையம் இவ்வளவு திரும்பினால் வில்லை இவ்வளவு நகரவேண்டும் என்னும் விதி எங்கே எழுதப்பட்டிருக்கிறது? கமெராவின் நினைவகத்திற் பதித்துவைத்திருக்கும் கட்டளைத் தொகுதியிலே எழுதப்பட்டிருக்கிறது. அதனை ஃபேர்ம்வெயார் என்பர். தமிழில் நிலைபொருள் என்று வழங்குவாரும் உளர். இரும்பிலே நேர்ந்த பிழையைத் திருத்தப் பட்டறைக்குப் போகவேண்டும். கட்டளையிலே நேர்ந்த பிழையையோ, கமெரா விற்பனையாகி உரியவரின் வீட்டை அடைந்த பின்னரும் திருத்தலாம். ஆயின், திருத்தக் கூடியவர் அதைச் செய்த நிறுவனத்தார் மாத்திரமே. ஆகவே வாங்கியவர் காத்திருக்கவேண்டும்.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, யப்பானிய நிறுவனமாகிய பியூஜிபில்மின் எக்ஸ் 100 என்னும் கமெரா. ஜேர்மனியின் கொலோன் நகரில் 2010 செப்டெம்பரில் நடந்த புகைப்படக் கண்காட்சியில் அது அறிமுகமாயிற்று. கழற்ற முடியாத 23 மில்லிமீற்றர் வில்லையும், பழைய கமெராக்களை நினைவூட்டும் தோற்றமும் உடையது. 2011 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. அதே மாதம் 11ஆந் திகதி நேர்ந்த பெரும் பூகம்பத்தினால், மியாகி மாகாணத்தில் அதனை உருவாக்கிய தொழிற்சாலையில் வேலை சில காலம் தடைப்பட்டது. முதலில் கமெராவுக்காகக் காத்திருந்தவர்கள், அது கைக்கு வந்தபின் அதன் திருத்தத்துக்காகக் காத்திருக்கத் தொடங்கினர்.

குறை இதுதான். அருகிலுள்ள பொருளிலிருந்து தொலைவிலுள்ள பொருளுக்குக் குவியத்தை மாற்றுவதற்கு வளையத்தைப் பலமுறை சுற்றவேண்டியிருந்தது. மலர்ச்செடிக்கு அது பொருந்தும். ஓடிவரும் குழந்தைக்குப் பொருந்தாது. பொறுமையிழந்தவர்கள் ஓர் உபாயங் கண்டனர். கையாற் குவியஞ் செய்யும் நிலையில் கமெராவை வைத்துக்கொண்டே, பின்புறத்திலுள்ள ஒரு பொத்தானை அழுத்தித் தன்னியக்கக் குவியத்தை வருவித்து, வேண்டுமாயின் வளையத்தாற் சிறிது திருத்திக்கொண்டனர். வளையத்தை நம்பி வாங்கியவர்கள் பொத்தானால் நாள் கழித்தனர் என்க.

ஓர் எண்ணை மாற்றிவிட்டாற் போதாதா என்று நேயர்கள் கேட்கலாம். வில்லையின் நகர்ச்சியை விரைவாக்கினால் நுட்பம் குறைந்துவிடும். விரல் சற்றே அசைந்தாலும் குவியம் இலக்கைத் தாண்டிவிடும். இதற்காக, வளையம் திரும்பும் அளவோடு திரும்பும் வேகத்தையும் கணிக்கும் முறையொன்று உண்டு. மெல்லத் திருப்பினால் வில்லை சிறிதளவும், விரைந்து திருப்பினால் பேரளவும் நகரும். எது மெல்ல, எது விரைவு என்பது கைக்குக் கை வேறுபடும். ஆகையால் அதைத் தீர்மானிப்பதற்குப் பல பரீட்சைகள் வேண்டும். அவசரத்தில் வெளியிட்ட திருத்தம் புதிய பிழையொன்றைக் கொண்டுவந்தால் முந்திய நிலையே நன்று என்றாகிவிடும்.

எக்ஸ் 100 கமெராவுக்குத் திருத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2013 ஜனவரியில் அதன் வழித்தோன்றலாகிய எக்ஸ் 100 எஸ் அறிவிக்கப்பட்டது. புதியது வந்தபின் பழையதை யார் கவனிப்பார் என்று பலரும் எண்ணுவது இயல்பே. அவ்வாண்டு அக்டோபரில், பழைய கமெராவுக்கே 2.00 என்ற இலக்கமுடைய தொகுதியை நிறுவனத்தார் இலவசமாக வெளியிட்டனர். தன்னியக்கக் குவியம் அதனால் விரைவுபெற்றது. கையாற் குவியஞ் செய்வோருக்கு இன்னொரு துணையுங் கிடைத்தது. படத்தில் ஒளியும் நிழலும் கூர்மையாகச் சந்திக்கும் விளிம்புகளைக் கமெரா கண்டுபிடித்து, அவற்றைத் திரையில் துலங்கச்செய்யும். எந்த விளிம்பு துலங்குகிறதோ அங்கே குவியம் பொருந்திற்று என்று கொள்ளலாம்.

எல்லாம் கிடைக்கவில்லை. எக்ஸ் 100 எஸ் கமெராவில், பிளவுபட்ட படத்தின் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்துவதைப் பார்த்துக் குவியஞ் செய்யும் வசதி உண்டு. அதற்கு ஒளியுணரியிலேயே சிறப்பான புள்ளிகள் அமைந்திருத்தல் வேண்டும். பழைய கமெராவின் உணரியில் அவை இல்லை. இல்லாத உறுப்பைக் கட்டளையால் உண்டாக்க முடியாதன்றோ!

இந்த நிறுவனத்தைப் புகழ்வோர் பலர். யானும் அவர்களோடு ஓரளவு உடன்படுகிறேன். ஆயினும், முதல் நாளிலேயே முழு விலை கொடுத்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் குறைபட்ட வளையத்தோடு எடுத்த, அன்றேல் எடுக்கத் தவறிய படங்களை எந்தத் திருத்தமும் மீட்டுக்கொடாது. மணவறையில் தாலி கட்டும் கணம் திரும்ப வருவதில்லை.

திருத்தத்தை ஏற்றும் முறை எளிது. கோப்பை நினைவக அட்டையிற் பதித்துக் கமெராவில் இடவேண்டும். மின்கலம் முழுமையாக நிரம்பியிருத்தல் வேண்டும். பதிவு நடக்கையில் மின்சாரம் தடைப்பட்டால் கமெரா செயலற்றுப் போதலுங் கூடும். இந்தக் கமெராவைப் பிறரிடம் வாங்கும் நேயர்கள், பின்புறத்தில் டிஸ்ப், பேக் என்று குறித்த பொத்தானை அழுத்திக்கொண்டே கமெராவை இயக்கிப் பார்க்கலாம். திரையில் ஓர் இலக்கந் தோன்றும். அது 2.00க்குக் குறைந்திருந்தால், முன்னாள் உடைமையாளர் இறுதிவரையும் வளையத்தைச் சுற்றிக்கொண்டேயிருந்தார் என்று அறிக.