குழந்தையின் நெடுங்காய்ச்சலும் வயிற்றுநோவும்

குழந்தைக்குக் காய்ச்சல் ஒரு வாரங் கடந்தும் தணியாது, வயிற்றுநோவும் உடனிருக்குமாயின், கண்ணூறு என்றும் செமியாக்குணம் என்றும் நாட்கடத்தும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக ஒழிந்திலது. இவ்விரு குறிகளும் ஒருங்கு நிற்பதற்குரிய காரணங்கள் சிலவற்றை ஈண்டுக் கூறுகின்றோம்.

யாழ்ப்பாணத்தார் முதலில் ஐயுற வேண்டுவது நெருப்புக்காய்ச்சல். எமது குடாநாடு சுண்ணக்கற் பூமி. மழைநீர் கல்வெடிப்புக்களினூடே இறங்கிக் கிணற்றில் ஊறுகின்றது. மலகூடக் குழியின் கழிவும் அவ்வழியே செல்லக்கூடும். நோயாளியின் மலத்திற் கழியும் கிருமி நீரிலும் உணவிலும் சேர்ந்தே இந்நோய் பரவுகின்றது. கிணற்றுநீரின் தெளிவு தூய்மைக்குச் சான்றாகாது. கொதித்தாறிய நீரே குழந்தைக்கு உரியது.

முதல் வாரத்திற் காய்ச்சல் படிப்படியாக ஏறும். நாவில் வெண்மை படரும். சிலர்க்கு மலச்சிக்கல், சிலர்க்குக் கழிச்சல். சிறுகுடலின் இறுதிப் பகுதியிலுள்ள நிணநீர்த் திட்டுக்களைக் கிருமி பற்றிப் புண்ணாக்குகின்றது. மருந்தின்றி மூன்றாம் வாரம் வரை விடின் அப்புண்ணிலிருந்து குருதி பெருகவும், குடல் துளைபடவுங் கூடும். வயிறு பலகைபோல் இறுகி, நாடி விரைந்து, குழந்தை சோருமாயின் நள்ளிரவாயினும் வைத்தியசாலைக்குக் கொண்டேகுக. அவ்வேளை காய்ச்சல் தணிந்திருப்பினும் அது குணமன்று.

1948இல் குளோரம்பெனிக்கோல் இந்நோயைத் தீர்க்கக் கண்டமை பேருதவியாயிற்று. பின்னர் அதற்கு அடங்காத கிருமிகள் தோன்றவே, இன்று வேறு மருந்துகள் வழங்கப்படுகின்றன. வீட்டில் மிஞ்சிய குளிசைகளை இரண்டொரு நாட் கொடுத்து நிறுத்துவோர் (கற்றோருள்ளும் இவர் பலர்) நோயைத் தீர்ப்பதுமில்லை. குருதியிற் கிருமியை வளர்த்துக் காணும் பரிசோதனையையும் பயனற்றதாக்கி விடுகின்றனர்.

எனினும் எல்லாம் நெருப்புக்காய்ச்சலே எனத் துணிதலாகாது. சிறுநீர்த்தொற்று சிறுபிள்ளைகளில் வேறு குறியின்றிக் காய்ச்சலும் அடிவயிற்று நோவுமாகவே நிற்பதுண்டு. சிறுநீர்ப் பரிசோதனையால் அறியலாம். தொப்புளருகே தொடங்கி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கும் நோவு குடல்வால் அழற்சியைக் குறிக்கும்; கவனியாதுவிடின் சீழ்கட்டும். பற்றைகளில் வாழும் நுண்ணிய உண்ணி கடித்த காய்ச்சலாயின், கமக்கட்டிலோ தொடையிடுக்கிலோ நோவற்ற கரும்பொருக்கு ஒன்று மறைந்திருக்கக்கூடும். உடை களைந்து பார்த்தாலன்றிப் புலப்படாது. வாரக்கணக்கான காய்ச்சலோடு உடல்மெலிவும் வயிற்றுவீக்கமும் சேரின், சயரோகம் குடலையும் பற்றும் என்பதை நினைக்க.

டெங்கு பெரும்பாலும் ஒரு வாரத்துள் முடிவது. ஆயினும் காய்ச்சல் விடும் நாளிற் கடும் வயிற்றுநோவும் வாந்தியுந் தோன்றின் அதுவே ஆபத்தான வேளை. அஸ்பிரினும் இபுப்ரோபெனும் கொடுத்தலாகாது. மலேரியா அற்ற நாடென இலங்கை 2016இற் சான்று பெற்றது; பிறநாடு சென்று மீண்ட குழந்தையாயின் அச்செய்தியையும், நாள்தோறுங் குறித்த காய்ச்சலின் அளவையும், முன்னர்க் கொடுத்த மருந்துகளின் பெயரையும் வைத்தியரிடம் மறவாது கூறுக.