காப்பிப் பொட்டலத்தின் பின்பக்கம் என்ன சொல்கிறது?

ஈப்போ என்றதும் வெளியூர்க்காரர்களுக்கும் ஒயிட் காப்பிதான் நினைவுக்கு வரும். காப்பிக் கொட்டையை மார்ஜரின் சேர்த்து வறுப்பது அதன் தனி முறை. முன்பு காப்பிக் கடையில் உட்கார்ந்து குடித்ததை இன்று '3 இன் 1' பொட்டலமாக வீட்டிலேயே கலக்கிக் குடிக்கிறோம். உங்கள் வீட்டிலும் ஒரு பை இருக்கலாம். அதை எடுத்துத் திருப்பிப் பாருங்கள்.

பின்பக்கத்தில் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். அதைப் படிக்கத் தெரிவது நம்மவர்களுக்கு மிக அவசியம். 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நாடு முழுவதும் நோய் இருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

பேராக் தோட்டங்களில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்கள், டின் பால் ஊற்றிய தேநீரின் இனிப்பை உடலுழைப்பில் செலவழித்தார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பலர் சுங்கை சிப்புட், ஈப்போ எனப் பட்டணங்களில் குடியேறினார்கள். உழைப்பு குறைந்தாலும் இனிப்பு குறையவில்லை.

மலாய்ச் சொற்கள் ஆறு

தோட்டத் தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய பெரியவர்களுக்கு, மலாயிலும் ஆங்கிலத்திலும் பொடி எழுத்தில் உள்ள அட்டவணை எட்டாக்கனி. இந்த ஆறு சொற்களை அடையாளம் கண்டால் போதும்:

ராமுவான் – சேர்மானங்கள்
ஹிடாங்கான் – ஒரு முறை பரிமாறும் அளவு
தெனாகா – ஆற்றல் (கலோரி)
கார்போஹிட்ராட் – மாவுச்சத்து. சர்க்கரையும் இதில் அடக்கம்
ஜும்லா குலா – மொத்தச் சர்க்கரை
லெமாக் – கொழுப்பு

சேர்மானப் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுவே முதலில் வர வேண்டும் என்பது விதி. '3 இன் 1' பொட்டலங்கள் பலவற்றில் சர்க்கரையும் கிரீமரும் முந்திக்கொள்ளும். காப்பித்தூள் அவற்றுக்குப் பின்னால்தான் வரும்.

கிராமைக் கரண்டியாக்குங்கள்

அட்டவணையில் பெரும்பாலும் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்று 100 கிராமுக்கு, மற்றொன்று ஒரு ஹிடாங்கானுக்கு. இரண்டு பொருள்களை ஒப்பிட முதல் பத்தி. உங்கள் வயிற்றுக்குள் போவதை அறிய இரண்டாவது பத்தி.

ஓர் எடுத்துக்காட்டு. 100 கிராமில் 45 கிராம் சர்க்கரை என்றால், 40 கிராம் பொட்டலத்தில் 18 கிராம். ஒரு தேக்கரண்டி சுமார் 4 கிராம். ஆக ஒரு குவளையில் நாலரைக் கரண்டி. நாளுக்கு மூன்று குவளை குடித்தால் 54 கிராம். 2,000 கலோரி உண்பவர் இவ்வாறு சேர்க்கப்படும் சர்க்கரையை நாளுக்கு 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சோறு தட்டுக்கு வருமுன்பே கணக்கு முடிந்துவிடுகிறது!

'சர்க்கரை இல்லை' என்றால்?

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். சர்க்கரை சேர்க்காத '2 இன் 1' வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைக்கிறோம். ஆனால் கிரீமர் வெறும் பால் அன்று. பெரும்பாலும் குளுக்கோஸ் பாகும் செம்பனைக் கொழுப்பும் சேர்ந்தே அது உருவாகிறது. அந்தப் பாகிலுள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் 'மொத்தச் சர்க்கரை' வரிசையில் சேராது. உடலுக்குள் போனதும் அவையும் விரைவில் குளுக்கோஸாக உடைந்து இரத்தத்தில் கலக்கும்.

ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் குலாவோடு நிற்காமல் கார்போஹிட்ராட் வரிசையையும் பாருங்கள். குலா 2 கிராம், கார்போஹிட்ராட் 15 கிராம் என்றிருந்தால் உங்கள் உடல் கணக்கில் எடுப்பது அந்த 15-ஐத்தான். 2003-இல் பல பொட்டல உணவுகளுக்கு ஊட்டச்சத்து அட்டவணை கட்டாயமானபோதே ஆற்றல், புரதம், கொழுப்போடு இந்த வரிசையும் கட்டாயமாகிவிட்டது. குலா வரிசை இல்லாத பொட்டலத்திலும் இது கைகொடுக்கும்.

போத்தல் பானங்களிலும் கவனம் தேவை. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள பானங்களுக்கு 2019 ஜூலையிலிருந்து வரி உண்டு. சரியாக 5 கிராம் என்றால் வரி இல்லை; ஆனாலும் 500 மில்லிலிட்டர் போத்தலைக் குடித்து முடித்தால் 25 கிராம், அதாவது ஆறு கரண்டி! 2017-இல் அறிமுகமான 'பிலிஹான் லெபிஹ் சிஹாட்' முத்திரையும் அதே வகைப் பொருள்களில் இது மேல் என்று மட்டுமே சொல்கிறது. எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று சொல்லவில்லை.

மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் தாமாக அளவை மாற்ற வேண்டாம். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது தினமும் குடிக்கும் பொட்டலத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்றே ஒன்று செய்யுங்கள். பால் டின், காப்பிப் பை, பிஸ்கட் டப்பா ஒவ்வொன்றின் முன்பக்கத்திலும் ஒரு முறைக்கு எத்தனை கரண்டிச் சர்க்கரை என்பதை மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதிவையுங்கள். மலாய் தெரியாத பாட்டிக்கும் எண்கள் தெரியும்.