கூட்டமாகப் போய்க் காளான் பார்ப்போம்

சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குப் பள்ளிகொண்டா என்றால் சுங்கச்சாவடி. பக்தர்களுக்கு உத்திர ரங்கநாதர் கோயில். காளான் தேடிக் கிளம்புகிறவர்களுக்கும் இந்த ஊர் தோதானது. பாலாற்றங்கரைத் தென்னந்தோப்பு, மாடு மேயும் புறம்போக்கு, தைலமரத் தோப்பு, தெற்கே ஒடுகத்தூரைத் தாண்டினால் ஜவ்வாது மலையின் இலையுதிர் காடு என நான்கு விதமான இடங்கள் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. வேலூர்ப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால் ஆடிக் கடைசியிலிருந்து கார்த்திகை வரை, நல்ல மழை பெய்து ஓய்ந்த சில நாட்களில் எங்காவது ஒரு காளான் தலைகாட்டும்.

இடி இடித்தால் காளான் முளைக்கும் என்று கிராமத்தில் சொல்வார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஷிட்டாகே காளான் வளர்க்கும் மரக்கட்டைகளில் உயர் அழுத்த மின்துடிப்பைப் பாய்ச்சி விளைச்சல் கூடுவதைக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நம் காட்டில் முதல் காரணம் ஈரம்தான். காளான் என்று நாம் பறிப்பது ஒரு பூஞ்சையின் கனி மட்டுமே. அதன் உடம்பு மெல்லிய இழைகளாக மண்ணுக்குள்ளும் மட்கிய மரத்துக்குள்ளும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பரவிக் கிடக்கிறது. மழைக்கு முன்பே மொட்டு தயாராகிவிடுவதும் உண்டு. தண்ணீர் கிடைத்ததும் அதை உறிஞ்சி விரிவதுதான் மிச்ச வேலை. ராத்திரி இல்லாதது காலையில் நிற்பதன் ரகசியம் இதுதான்.

இந்தப் பக்கத்தில் காளானுக்குப் போகிறவர்கள் முதலில் கறையான் புற்றைத்தான் தேடுவார்கள். புத்துக்காளான் அவ்வளவு ருசி. ஆனால் ருசியைவிட அது முளைக்கும் கதை பெரியது.

கறையான் காய்ந்த இலையையும் புல்லையும் சுள்ளியையும் இழுத்துப் போய்த் தின்கிறது. அது அரைகுறையாகச் செரித்து வெளித்தள்ளியதைக் கொண்டு புற்றுக்குள் ஒரு பாத்தி கட்டுகிறது. வெட்டிப் பார்த்தால் தேன்கூட்டைப் பிய்த்து வைத்தது போல அறை அறையாக இருக்கும். அந்தப் பாத்தியில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சை வளர்கிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினைக் கறையானால் தனியாகச் சமாளிக்க முடியாது. பூஞ்சை அதை உடைத்துக் கொடுக்கிறது. பதிலுக்குக் கறையான் அதற்கு இடமும் ஈரமும் தீனியும் தருகிறது, வேறு பூஞ்சை வந்து சேராமல் களையும் எடுக்கிறது. இந்த விவசாயத்துக்கு வயது சுமார் 3 கோடி ஆண்டு. தொடங்கிய இடம் ஆப்பிரிக்கா. அங்கே ஜாம்பியாவில் கண்டறிந்து 1980-ல் பெயரிடப்பட்ட டெர்மிட்டோமைசிஸ் டைட்டானிகஸின் குடை ஒரு மீட்டர் அகலம்வரை விரியும்.

இந்தப் பேரினத்தை வகுத்தவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம், ஆண்டு 1942. நம் புத்துக்காளான்களில் ஒன்றுக்கு 1979-ல் அறிவியல் பெயர் சூட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் கே. நடராஜன். ஹைமின் நினைவாக அதற்கு டெர்மிட்டோமைசிஸ் ஹைமி என்று பெயர் வைத்தார். தென்னிந்தியக் குடைக்காளான்களைத் தோட்டம் தோட்டமாக, மலை மலையாகத் தேடி வரிசையாகக் கட்டுரை எழுதியவர் அவர்.

ஆனால் கறையானுக்கும் காளானுக்கும் உள்ள தொடர்பு தமிழ்நாட்டில் அதற்கு வெகுகாலம் முன்பே கவனிக்கப்பட்டுவிட்டது. திண்டிவனம் பக்கத்து ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில், பாணனின் வறுமையைச் சொல்ல வந்த நத்தத்தனார் அவன் அடுக்களையைக் காட்டுகிறார். பழைய சுவரைக் கறையான் கூட்டம் அரித்துவிட்டது; அது உதிர்த்த புழுதியில் காளான் பூத்திருக்கிறது. வறுமையைப் பாடும்போதும், காளான் எந்த மண்ணில் பூத்தது என்பதைக் கவனித்திருக்கிறார் கவிஞர். அந்தப் பார்வைதான் காளான் அடையாளத்தின் முதல் பாடம்: எது என்று கேட்பதற்கு முன் எங்கே, எதன் மேல் என்று கேட்க வேண்டும்.

அது போதுமா என்றால், போதாது. புற்றில் முளைப்பதெல்லாம் புத்துக்காளான் அல்ல. வறண்ட நிலத்துப் புற்றுகளின் மேல் போடாக்சிஸ் என்றொரு காளான் நிற்கும். மூடிய குடை கணக்காக நீண்டிருக்கும், விரியாது. முற்றினால் உள்ளே கறுப்புப் பொடி. புத்துக்காளானின் அடையாளங்கள் வேறு. குடையின் நடுவில் மண்ணைத் துளைத்து வந்த கூர்மையான முனை, குடையின் அடிமடிப்புகள் தண்டைத் தொடாமல் நிற்பது, தண்டின் தொடர்ச்சியாகக் கீழே நெடுந்தூரம் இறங்கி உள்ளே கறையானின் பாத்திவரை போகும் வேர். இந்த வேரைப் பார்க்க விரலால் பிடுங்கினால் பாதியில் அறுந்துவிடும். ஒரே ஒரு காளானைச் சுற்றி மட்டும் மெதுவாக மண்ணை விலக்கிப் பார்த்துவிட்டு, குழியை மூடிவிட வேண்டும். பாத்தியை உடைத்துவிட்டால் அடுத்த மழைக்கு அங்கே காளான் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. கோவாவில் புத்துக்காளானைச் சந்தைக்காகப் புற்றோடு அள்ளுவதை எதிர்த்துப் பூஞ்சையியலாளர் நந்தகுமார் காமத் பல ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வருகிறார்.

மேய்ச்சல் நிலத்திலும் புல்தரையிலும் வெள்ளை வெளேரென்று பெரிய குடை விரிக்கும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ்தான் உண்மையான பொறி. பார்க்க அழகாக, பசிக்கு ஏற்ற அளவில் இருக்கும். சாப்பிட்டால் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொள்ளும். இளசாக இருக்கும்போது அடிமடிப்பும் வெள்ளைதான், அங்கேதான் ஏமாறுகிறார்கள். அதைக் காட்டிக்கொடுப்பது வித்துத்தூள்.

வித்துத்தூள் எடுப்பது எந்த வீட்டிலும் செய்யக்கூடிய சோதனை. பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான காகிதம் ஒன்று வேண்டும். தண்டை வெட்டிவிட்டு, குடையை மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு நிறத்தின் மேலும் படுமாறு வையுங்கள். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, டம்ளரால் மூடிவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் டம்ளரை எடுத்துக் குடையை நேராகத் தூக்கினால், மடிப்புகள் எப்படி இருந்தனவோ அப்படியே கோடு கோடாகத் தூள் படிந்திருக்கும். புத்துக்காளான் என்றால் இளஞ்சிவப்பு. குளோரோஃபில்லம் என்றால் மங்கிய பச்சை. பச்சை நிற வித்து குடைக்காளான்களில் மிக அபூர்வம் என்பதால் அதற்கு மேல் வாதத்துக்கு இடமில்லை. கறுப்புக் காகிதம் எதற்கு என்றால், வெள்ளைத் தூள் வெள்ளைக் காகிதத்தில் தெரியாது. கொடிய அமானிட்டாவின் தூள் வெள்ளை.

அமானிட்டாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அந்தப் பேரினத்தின் நச்சுக் காளான்களில் உள்ள அமாடாக்சின், நம் செல்கள் புரதம் செய்யத் தேவைப்படும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-2 என்ற நொதியை முடக்குகிறது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல், சிலருக்கு ஒரு நாள்கூட, ஒன்றும் தெரியாது. பிறகு வயிற்றுப்போக்கு, வாந்தி. அதன் பின் உடம்பு தேறியது போல ஓர் இடைவேளை வரும், அதை நம்பி வீடு திரும்புகிறவர்கள் உண்டு. கல்லீரல் அதற்குள் செயலிழந்துகொண்டிருக்கும். கொதிக்க வைத்தாலும், காயவைத்தாலும், ஊறுகாய் போட்டாலும் இந்த நஞ்சு போகாது. 2022 ஏப்ரலில் மேல் அஸ்ஸாமில் காட்டுக் காளான் சாப்பிட்ட 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து ஏழைகள். வெள்ளிக் காசு கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்று ஊருக்கு ஊர் சொல்லப்படும் சோதனைகளில் ஒன்றுகூட உண்மையில்லை. இதை அழுத்தமாகவே எழுதுகிறேன்.

தனியாகப் போகாமல் கூட்டமாகப் போகச் சொல்வது இதனால்தான். காளானைக் கூடித் தேடும் வழக்கத்துக்கு அறிவியலில் ஓர் ஆரம்பநாள் உண்டு. 1868 அக்டோபரில் இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டில், ஹென்றி கிரேவ்ஸ் புல் என்ற மருத்துவர் வுல்ஹோப் இயற்கை ஆர்வலர் மன்றத்தாரைக் காளான் தேட அழைத்துப் போனார். பாதிரியார், மருத்துவர், நிலக்கிழார் என்று பலரும் கூடை தூக்கினார்கள். நாள் முழுக்கத் தேடியதை மேசையில் பரப்பி, கூடி வாதிட்டுப் பெயர் வைத்தார்கள். அந்தப் பழக்கம் பரவி, 1896-ல் பிரிட்டிஷ் பூஞ்சையியல் கழகமே அப்படியொரு காட்டுநடையில் பிறந்தது. நம் நாட்டில் இந்தியப் பூஞ்சையியல் கழகம் 1973-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைக் களமாகக் கொண்டு, சி. வி. சுப்ரமணியன் போன்றவர்களின் முயற்சியால் உருவானது. அதன் ஆய்விதழின் பெயர் 'கவகா'.

பள்ளிகொண்டாவில் இப்படி ஒரு கூட்டம் சேர்ந்தால் அதில் யார் யார் இருக்க வேண்டும்? தாவரவியல் ஆசிரியரும் மாணவர்களும் இருக்கட்டும். ஆடு மேய்ப்பவரும் மலை ஊர்க்காரரும் கட்டாயம் வேண்டும். "அது நாய்க்கொட கண்ணு, கைய வெக்காத" என்று பேத்தியைத் தடுக்கும் பாட்டிக்கு எந்தப் புற்றில் எந்த மாதம் எது வரும் என்பது தெரியும். அந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவரோடு போய்விடும். ஆனால் அந்த அறிவு அவர் ஊர் எல்லைக்குள்தான் செல்லும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேறு மாவட்டத்துக்கு வேலைக்குப் போய், நம்ம ஊர்க் காளான் போலவே இருக்கிறதே என்று பறிப்பவர்கள்தான் எங்கும் மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்தப் பக்கத்துத் தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர் ஒருவரும் வரட்டும். பூசணத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர் அவர். குரோம் ஏற்றிய ஈரத்தோலான வெட் ப்ளூவில் பூசணக்கொல்லி சேர்க்காமல் அடுக்கி வைத்தால் கறுப்பும் பச்சையுமாகத் திட்டு விழுந்து மதிப்பு போய்விடும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்ட காலத்துத் தொட்டிகளிலும் பூசணம் வந்தது. தோலைக் கெடாமல் காக்கும் டானினையே சிதைக்கும் நொதி ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூசணத்திடம் உண்டு. இந்த நொதியைக் கண்டறிய வழிகாட்டிய ஆய்வை பிலிப் வான் தீகெம் 1867-லேயே செய்தார். இந்த வட்டாரத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. காளான்கள் மண்ணிலுள்ள காட்மியம், ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களை உடம்பில் சேர்த்துக்கொள்ளக் கூடியவை. பாலாற்றுப் படுகை தோல் கழிவால் பட்ட பாடு 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புவரை போனது. கழிவு கொட்டிய மண்ணில் முளைத்தது நல்ல இனமே ஆனாலும் சமையலுக்கு ஆகாது.

புற்றைத் தவிர்த்தும் பார்க்க நிறைய இருக்கிறது. தென்னையின் அடித்தூரில் தட்டுத் தட்டாக வரும் கானோடெர்மாவைப் பார்த்தால் தோப்புக்காரரிடம் சொல்லுங்கள். 1952-ல் தஞ்சாவூரில் கண்டறியப்பட்ட வாடல் நோயின் பூஞ்சை அது, மரம் பிழைப்பது கடினம். தைலமரத்தடியில் உருண்டையாக வரும் பிசோலித்தஸ் மரத்தின் வேரோடு கூட்டு வைத்திருப்பது. காய்ந்த மாங்கிளையில் சாம்பல் வெள்ளையாக ஒட்டியிருக்கும் ஸ்கிசோஃபில்லத்தைத் திருப்பிப் பார்த்தால் அடிமடிப்புகள் ஒவ்வொன்றும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். வெயிலில் அந்தப் பிளவுகள் சுருண்டு மூடிக்கொள்ளும், மழையில் திறக்கும். இந்தச் சிறு பூஞ்சையில் இணைசேர்வதற்கான வகைகள் 20,000-க்கும் மேல் உள்ளன.

போகிறவர்கள் பிளாஸ்டிக் கவரைத் தவிர்த்துக் காகிதப் பை கொண்டுபோங்கள், கவரில் காளான் வியர்த்து அழுகிவிடும். கத்தியால் அடியோடு தோண்டி எடுங்கள். அமானிட்டாவின் அடையாளமான அடிப்பை மண்ணுக்குள்தான் இருக்கும். மேலிருந்து மட்டும் படமெடுக்காமல் அடிமடிப்பையும் தண்டையும் எடுத்து, எந்த மரத்தடி, எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்திலும் இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலும் பதிந்தால் தெரிந்தவர்கள் வந்து பெயர் சொல்வார்கள். பெயர் உறுதியாகவில்லை என்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி கட்டாயம்.

சாப்பிட ஆசையிருந்தால் சந்தையில் பால்காளான் கிடைக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் ஏபிகே-2 என்ற பெயரில் வெளியிட்ட ரகம் அது. நடையில் பார்த்ததைச் சமைக்காதீர்கள். யாராவது காட்டுக் காளான் சாப்பிட்டு வாந்தி எடுத்தால், உடம்பு தேறியதுபோல் தெரிந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். மிச்சமிருக்கும் காளானையும் சமைத்த குழம்பையும் ஒரு காகிதத்தில், ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் கொடுங்கள்.