வேகம் பிறக்கும் இடம்

கரிசல் நிலத்தின் நடுவே அமைந்த கோவில்பட்டி, தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர் பெற்றதுபோலவே ஹாக்கி விளையாட்டிற்கும் பெயர் பெற்ற ஊராகும். இலட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்திய ஹாக்கிப் போட்டி இங்கு நடைபெறுகிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சி மையமும் செயற்கைப் புல்தரை மைதானமும் இங்குள்ளன. இவ்வூரைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல், 2022ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார். ஹாக்கி பயில்வோரை ஈர்க்கும் திறன்களுள் தலையாயது, 'டிராக் ஃபிளிக்' எனப்படும் இழுத்தெறிதல் ஆகும்.

விதியும் தேவையும்

பெனால்டி கார்னரில் முதலில் ஓங்கி அடிக்கப்படும் பந்து, 460 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் கோல் கோட்டைக் கடந்தால் அது கோலாகாது. மட்டையால் இழுத்து எறியப்படும் பந்துக்கு இவ்வரம்பு இல்லை. ஆதலால், கோலின் மேல்மூலையையும் குறிவைக்க இழுத்தெறிதல் வழிவகுத்தது. கோலிலிருந்து ஏறத்தாழ 14 மீட்டர் தொலைவில், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் பந்தைத் தடுக்கக் கோல்காப்பாளருக்குக் கிடைப்பது அரை நொடியே. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின் வெண்கலப் பதக்க ஆட்டத்தில், ஸ்பெயினை இந்தியா 2–1 என வென்றது. ஹர்மன்பிரீத் சிங் அடித்த அவ்விரு கோல்களும் பெனால்டி கார்னரில் பிறந்தவையே.

விசையின் பயணம்

இவ்வேகம் கைகளில் மட்டும் பிறப்பதன்று. கொல்லையில் பறவை ஓட்டும் கவணை எண்ணிப் பாருங்கள். கல்லை உடனே விடாமல் சுழற்றி விடுவதால், விசை நெடுந்தொலைவுக்கு அதன்மீது செயல்பட்டு வேகத்தைக் கூட்டுகிறது. இழுத்தெறிதலிலும் பந்து மட்டையோடு ஒட்டியவாறே நெடுந்தொலைவு இழுக்கப்படுகிறது.

வீரர் ஓடிவந்து, உடலைத் தாழ்த்தி, இடக்காலை அகல எடுத்து வைக்கிறார். அக்கால் தரையில் உறுதியாக ஊன்றியதும், முன்னோக்கிய ஓட்டம் உடலின் சுழற்சியாக மாறுகிறது. முதலில் இடுப்பு, அடுத்து மார்பு, பின்னர்த் தோள், இறுதியில் மணிக்கட்டு என விசை படிப்படியாக ஏறி மட்டையை அடைகிறது. இவ்வரிசை பிறழின் வேகம் குன்றும். அக்குறையை ஈடுசெய்ய முயலும் முதுகு வருந்தும்.

தெரிந்து தெளிவோம்

பேஸ்பால் எறிவீரர் 18.44 மீட்டர் தொலைவிற்குப் பந்தை எறிகிறார். அங்கும் ஊன்றிய முன்கால், இடுப்பு, மார்பு, தோள், கை என்னும் வரிசையிலேயே விசை பயணிக்கிறது.

பயிற்சியும் பொறுமையும்

வேகத்தை இருமடங்காக்க நான்கு மடங்கு ஆற்றல் வேண்டும். எனவே, தொடை, இடுப்பு, வயிற்றுத் தசைகளை முதலில் வலுப்படுத்துதல் இன்றியமையாதது. மெதுவாக எறிந்து அசைவு பிழையின்றி அமைந்த பின்னரே வேகத்தைக் கூட்ட வேண்டும். குனிந்து உடலை முறுக்கும் இவ்வசைவை அளவின்றித் திரும்பச் செய்தால், வளரும் பருவத்தினரின் கீழ்முதுகு எலும்பில் நுண்விரிசல் தோன்றக்கூடும். எறிதல்களை எண்ணி வரையறுத்தலும், வலி தோன்றின் உடனே நிறுத்திப் பயிற்றுநரிடம் கூறுதலும் கோழைத்தனம் ஆகா. ஓய்வும் பயிற்சியின் ஒரு கூறே என்பதை உணர்ந்த வீரரே நெடுங்காலம் களத்தில் நிற்பர்.