சூரியன் நெருங்கி வரும்போது ஏன் குளிர்கிறது?

ஊட்டிக்குப் பக்கத்திலுள்ள தலைக்குந்தாவில் ஜனவரி அதிகாலைகளில் புல்வெளி வெள்ளைவெளேரென்று கிடக்கும். வெளியே நிறுத்திய வண்டிகளின் கூரையிலும் உறைபனி படிந்திருக்கும்; நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிரும். அதே ஜனவரியின் முதல் வாரத்தில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. அப்போது இடைவெளி சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் அது 15.2 கோடி. ஐம்பது லட்சம் கிலோமீட்டர் நெருங்கி வந்தும் நமக்குக் குளிர்கிறது.

சூரியனை விட்டு விலகிப் போவதால்தான் குளிர்காலம் வருகிறது என்று நம்பும் பிள்ளைகள் இன்றும் ஏராளம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பூமியின் பாதையை நீண்டு ஒடுங்கிய நீள்வட்டமாக வரைந்து காட்டுவது நாம்தான். அளவு பிசகாமல் வரைந்தால் அதை வட்டத்திலிருந்து கண்ணால் பிரித்தறியவே முடியாது. தூரம்தான் காரணம் என்றால் பூமி முழுவதும் ஒரே சமயத்தில் குளிர வேண்டும். ஆனால், டெல்லி நடுங்கும் ஜனவரியில் மெல்போர்னில் டென்னிஸ் வீரர்கள் கோடை வெயிலில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

உண்மையான காரணம், பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பது. டிசம்பர் 21 அல்லது 22 அன்று சூரியன் மகர ரேகைக்கு நேர் மேலே நிற்கும். அன்று டெல்லியில் உச்சிவேளையிலும் சூரியன் 38 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. நேராக விழுந்தால் ஒரு சதுர மீட்டரில் அடங்கும் ஒளி, அந்தச் சாய்வில் 1.6 சதுர மீட்டரில் பரவிவிடுகிறது. பகலும் சுருங்குகிறது: ஜூனில் 14 மணி நேரம் நீளும் டெல்லிப் பகல், டிசம்பரில் 10 மணி 20 நிமிடம்தான். வெப்ப வரவு குறைந்து, அது வெளியேறும் இரவு நீள்வதுதான் குளிர்காலம். சென்னையில் இரு பகல்களுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரமே. நம் குளிர் மென்மையாக இருப்பதற்கு அது ஒரு காரணம். வடக்கின் கடுங்குளிர்க் காற்றை இமயமலை தடுப்பது இன்னொன்று.

தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கமாகக் கொள்கிறோம். வானத்தில் சூரியன் வடக்கே திரும்புவது மார்கழி முதல் வாரத்திலேயே நடந்துவிடுகிறது. பூமியின் அச்சு சாய்ந்தபடியே மெல்லச் சுழல்வதால், சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் இந்த இடைவெளி வளர்ந்திருக்கிறது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒன்றாகவே நிகழ்ந்தன. சூரியன் திரும்பியதும் குளிர் விட்டுவிடுவதில்லை. வரவு செலவை எட்டிப்பிடிக்கும் வரை நிலம் குளிர்ந்துகொண்டே போகும். அதனால்தான் ஜனவரியில் குளிர் உச்சத்தைத் தொடுகிறது.

இனி ஊட்டிக்கு வருவோம். அது கோவைக்கு அருகில்தான் இருக்கிறது. சூரியனின் சாய்வு இரண்டு ஊருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர், கோவையின் உயரம் 400 மீட்டருக்குச் சற்று மேல். ஒரு கிலோமீட்டர் மேலே போனால் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பதால், அங்கேயே 12 டிகிரி போய்விடுகிறது. மீதியை இரவு பார்த்துக்கொள்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வானம் தெளிந்து, காற்று உலர்ந்துவிடும். போர்வையாக இருந்த மேகம் விலகியதால், மண்ணின் வெப்பம் தடையின்றி விண்வெளிக்குப் போகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. சரிவிலுள்ள தோட்டம் தப்பிக்க, கீழேயுள்ள தோட்டம் கருகுவது இதனால்தான்.

அன்றைய குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரி என்று செய்தி வரும், புல்லோ உறைந்து கிடக்கும். இதில் முரண்பாடு இல்லை. வெப்பமானி தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல், கூண்டுக்குள் இருக்கிறது; புல்லின் நுனி அதைவிடப் பல டிகிரி குளிர்ந்து சுழியத்துக்குக் கீழே போயிருக்கும். காற்றிலுள்ள நீராவி அங்கே நீர்த்துளியாகாமல் நேரடியாகப் பனிப்படிகமாகிறது.

சுற்றுலா வந்தவர்களுக்கு அது படம் எடுக்க ஏற்ற காட்சி. தேயிலை விவசாயிக்கு இழப்பு. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து திசுக்களைச் சிதைத்துவிடும். வெயில் ஏறியதும் கொழுந்து கருகிப்போகும். புதுத் தளிர் வரும்வரை பறிக்க இலை இல்லை, பறிப்பவர்களுக்கு வேலையும் குறைவு. பூங்காக்களில் மலர்ச்செடிகளை மிலார் செடிகளைப் பரப்பி மூடிக் காக்கிறார்கள். பரந்து கிடக்கும் தேயிலைக்கு அது எளிதல்ல. உறைபனி பற்றிய செய்திகளில் இந்த இழப்புக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். குளிர்காலத்தின் காரணத்தைப் பிள்ளைகளுக்குப் படத்தில் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். வரும் டிசம்பர் 21 அன்று, நண்பகல் 12 மணி தாண்டிய சில நிமிடங்களில், ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு நிழலை அளக்கச் சொல்லுங்கள். சென்னையில் அது வடக்கு நோக்கி 74 சென்டிமீட்டர் நீளும். ஜூன் 21 அன்று அதே குச்சியின் நிழல் தெற்கு நோக்கி 18 சென்டிமீட்டர் இருக்கும்.