அசல் இசை என்று முத்திரை குத்துவது யார்?

'பங்க்' என்று ஓர் இசை. கிதாரில் மூன்று கார்டு வாசிக்கத் தெரிந்தால் போதும். மீதியைக் கோபம் பார்த்துக்கொள்ளும். 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் இளைஞர்கள் இதைத் தூக்கிப் பிடித்தார்கள். அப்போதிருந்தே ஒரு சண்டை ஓயவில்லை: எது அசல் பங்க்?

1977 ஜனவரியில் லண்டனின் 'தி கிளாஷ்' குழு, சி.பி.எஸ். என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. பங்க் அன்றே செத்துவிட்டது என்றார்கள் சிலர். கிழிந்த சட்டையும் ஊக்கும்தான் அடையாளம் என்றார்கள் வேறு சிலர். இந்தச் சண்டையில் வெகுகாலம் பேசப்படாத பெயர் ஒன்று உண்டு.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் டேவிட், பாபி, டேனிஸ் ஹேக்னி என்று மூன்று கறுப்பினச் சகோதரர்கள். தந்தை விபத்தில் இறந்த பிறகு, மரணத்தை வேறு கண்ணால் பார்க்க விரும்பிய டேவிட், குழுவுக்கு 'டெத்' என்றே பெயரிட்டார். 1975இல் ஏழு பாடல்களைப் பதிவு செய்தார்கள். பங்கின் முன்னோடிகளாகச் சொல்லப்படும் 'ரமோன்ஸ்' குழுவின் முதல் ஆல்பம் வந்ததே 1976இல்தான்.

பெரிய நிறுவனத் தலைவர் ஒருவர், பெயரை மாற்றினால் ஒப்பந்தம் என்றார். டேவிட் மறுத்தார். சொந்தச் செலவில் 500 இசைத்தட்டுகள் போட்டதோடு சரி. சொந்த மக்களும், "இது வெள்ளைக்காரன் பாட்டு, நீங்கள் சோல் இசை அல்லவா வாசிக்க வேண்டும்?" என்றார்கள். ராக் இசைக்கு வழிபோட்டவர்களில் சக் பெர்ரியும் லிட்டில் ரிச்சர்டும் கறுப்பர்கள்தானே என்பது எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

டேவிட் 2000இல் புற்றுநோயால் இறந்தார். அந்தப் பாடல்கள் ஆல்பமாக வெளிவந்தது 2009இல். 34 ஆண்டு தாமதம்.

அவர்கள் மட்டுமல்ல. வாஷிங்டனின் 'பேட் பிரெய்ன்ஸ்' குழுவினர் கறுப்பர்கள். லண்டனில் 'எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ்' குழுவின் பாடகி பாலி ஸ்டைரீன், சோமாலியத் தந்தைக்குப் பிறந்தவர். 1976இல் இங்கிலாந்தில் உருவான 'இனவெறிக்கு எதிரான ராக்' இயக்கத்தின் மேடைகளில் பங்க் குழுக்களும் கறுப்பர்களின் ரெகே குழுக்களும் சேர்ந்தே வாசித்தன.

இது நமக்கு எதற்கு என்று மாணவர்கள் கேட்கலாம். 1972இல் மும்பையில் பிறந்த 'தலித் பேந்தர்' இயக்கம், அமெரிக்கக் கறுப்பர்களின் 'பிளாக் பேந்தர்' இயக்கத்திடமிருந்துதான் பெயரை எடுத்துக்கொண்டது. அவர்களுடைய அனுபவம் நமக்கு அந்நியமானதல்ல. நம் பிள்ளை பறை அடித்தால், "அது சாவு மேளம்" என்கிறார்கள். அவனே கிதாரைத் தொட்டால், "உனக்கு எதற்கு இது?" என்கிறார்கள். டெட்ராய்ட் சகோதரர்கள் கேட்டதும் இதே கேள்விதான்.

அடுத்த முறை யாராவது "இது அசல் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னால், அந்த இசையில் குறை தேடுமுன் ஒன்று கேளுங்கள்: தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அவரை உட்கார வைத்தது யார்?